தலைவெட்டி அண்ணாச்சி தேடிய முகம்

தூத்துக்குடியில் கேமரா பிடித்தவர்களில், மனிதனுக்கு முகம் என்பது தேவையில்லாத உறுப்பு என்று முடிவு கட்டியவர் தலைவெட்டி அண்ணாச்சி ஒருவர்தான். அவர் கணக்குப்படி கடவுள் விரல் நகத்தோடு வேலையை நிறுத்தியிருக்கலாம். மிச்சமிருந்த மண்ணை வீணாக்க மனமில்லாமல் மேலே ஒரு தலையை உருட்டி வைத்துவிட்டார்.

அண்ணாச்சிக்கு ஒரு பெயர் இருந்தது. அது அவர் வீட்டு மின்கட்டண அட்டையில் இருந்தது. மின்வாரியத்தைத் தவிர வேறு யாரும் அந்தப் பெயரைப் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. அவர் போய் இந்த ஆடியோடு இரண்டு வருடம் ஆகிறது.

பழைய துறைமுகத்துக்குப் போகும் வழியில் ஒரு சந்தில் அவருடைய ஸ்டூடியோ. ஒரு நீலத் திரை, ஒரு ஸ்டூல், சீப்பு கட்டித் தொங்கவிட்ட கண்ணாடி. கப்பலுக்குப் போகிற பையன்கள்தான் வாடிக்கை. பாஸ்போர்ட்டுக்கும் கப்பல் வேலைக்கான புத்தகத்துக்கும் படம் எடுக்க வருவார்கள். முப்பது வருடத்துக்கும் மேலாக அவர் பேசிய வசனங்கள் மூன்றுதான். "காது தெரியணும்." "சிரிக்கக் கூடாது." "அடுத்த ஆளு." கல்யாணப் பேச்சு முடிந்த களிப்பில் வந்த ஒரு பையனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அண்ணாச்சி அவன் எதிரே உட்கார்ந்து, கடலில் போன அவனுடைய மாமாவைப் பற்றி விசாரித்து, முகம் வாடியதும் பட்டென்று எடுத்துவிட்டார். தொழில் சுத்தம் அப்படி.

நான் அவருக்கு இரண்டு வீடு தள்ளி. ஒரு கப்பல் ஏஜென்சியில் எந்தச் சரக்கு எந்த நாள் வந்தது, எந்த நாள் போனது என்று எழுதி ஓய்வு பெற்றவன். அந்தப் பழக்கம் விடாமல், தெருவில் எந்த ஊர்வலம் எந்தக் கிழமை எத்தனை மணிக்குப் போனது என்பது வரை டைரியில் எழுதி வைக்கிறேன். அண்ணாச்சி என்னைக் "காலண்டரு" என்றுதான் கூப்பிடுவார். எனக்கும் அது பிடித்திருந்தது.

அவர் கெட்டுப்போனது ஒரு செவ்வாய்க்கிழமை. வெளிநாட்டுக் கோயிலில் வாசிக்க விசா கேட்டிருந்த நாதஸ்வரக்காரர் ஒருவர் படம் எடுக்க வந்தார். மனுஷனுக்குப் பயம். முகம் கல் மாதிரி இருந்தது. ஆனால் முழங்கால் மேல் வைத்திருந்த விரல்கள் மட்டும், இல்லாத ஒரு நாதஸ்வரத்தில் எதையோ வாசித்துக்கொண்டே இருந்தன. அண்ணாச்சி கேமராவைக் கீழே இறக்கினார். கைகளை எடுத்தார். முகத்தை எடுக்க மறந்துவிட்டார். நாதஸ்வரக்காரர் மறுநாள் திரும்பி வந்து சத்தம் போட்டது சந்து முழுக்கக் கேட்டது.

அன்று சாயங்காலம் அண்ணாச்சி என்னிடம் சொன்னார்: "காலண்டரு, இத்தன வருசமா ஊருல உள்ள மொகத்தையெல்லாம் எடுத்தேன்லா. ஒண்ணாவது உண்மை சொல்லிருக்கா? கையப் பாருல. கைக்குப் பொய் சொல்லத் தெரியாது."

அதிலிருந்து ஆரம்பித்தது அவருடைய பெரிய திட்டம். இந்தக் கரையில் வாத்தியம் வாசிக்கிற அத்தனை பேரின் கைகளையும் படம் பிடிப்பது. பிடித்ததைப் பெரிதாக அச்சடித்து ஒரு மண்டபத்தில் மாட்டுவது. முகம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. படத்துக்குக் கீழே எழுதுகிற வேலை எனக்கு. நாள், கிழமை, வாத்தியம், எந்தக் கை, நகத்தின் நிலை, வடு ஏதாவது இருந்தால் அதன் நீளம்.

எல்லாரும் சும்மா கையை நீட்டிவிடவில்லை. புதுக்கோட்டையிலிருந்து வந்த தவில்காரர், வலது கை விரல்களில் மாட்டும் கூடுகளைக் கழற்ற மாட்டேன் என்றார்.

"கழத்திட்டுக் காட்டுங்க. விரலப் பாக்கணும்லா."

"கூடு இல்லாமக் கையக் காட்டுறது வேட்டி இல்லாம நிக்கிற மாதிரி அண்ணாச்சி. வீட்டுல மட்டுந்தான்."

கோயிலில் ஆர்மோனியம் வாசிக்கும் டீச்சரம்மா, நெத்திலி ஆய்ந்துவிட்டு அப்படியே வந்ததால் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். "படத்துல வாடை வராது டீச்சர்" என்று அண்ணாச்சி கால் மணி நேரம் கெஞ்சினார். கடைசியில் நகத்தின் ஓரத்தில் ஒரு செதிலோடு அந்தக் கை பதிவானது. செதிலையும் நான் எழுதிக்கொண்டேன்.

"தலைவெட்டி" என்ற பட்டம் வந்தது அவருடைய சொந்த மைத்துனர் மகள் கல்யாணத்தில். வீட்டு ஆள் என்று நம்பிப் படம் எடுக்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்தார்கள். ஆல்பத்தைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் கைகள். நாதஸ்வரக்காரர் கை, தவில்காரர் கை, தாளம் போடுகிறவர் கை. பெண்ணின் தகப்பனார் கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டுக் கேட்டார்: "மாப்பிள்ள எங்கன மச்சான்?"

அண்ணாச்சி ஒரு பக்கத்தைக் காட்டினார். "இந்தா, சோத்துல ரசத்துக்குக் குழி வெட்டுதுல்லா, இது மாப்பிள்ள."

அந்தக் குடும்பம் அதற்குப் பிறகு அவரோடு பேசவில்லை. மாப்பிள்ளை மட்டும் ஒரு பிரதி கேட்டு வாங்கிப்போனதாக அண்ணாச்சி சொல்லுவார். அதற்கு என்னிடம் பதிவு இல்லை.

இனிதான் மிக்கேல் வருகிறான்.

மிக்கேல் திரேஸ்புரத்துக்காரன். விடியற்காலையில் வள்ளத்தில் கடலுக்குப் போவான். மத்தியானம் தூங்குவான். கல்யாணம், சப்பரம், அடக்கம் எது இருந்தாலும் சாயங்காலம் பேண்டு வாத்தியத்தில் டிரம்பெட் ஊதுவான். அவன் கையைப் பார்த்த நாளில் அண்ணாச்சிக்குச் சோறு இறங்கவில்லை. கயிறு இழுத்துக் காய்த்துப்போன உள்ளங்கை. அதே கையின் மூன்று விரல்கள் டிரம்பெட்டின் பொத்தான்களைத் தொடும்போது, பிள்ளையின் கன்னத்தைத் தொடுகிற மாதிரி தொடும். இந்த இரண்டும் ஒரே படத்தில் விழ வேண்டும் என்றார் அண்ணாச்சி. விழவே இல்லை. நாற்பது தடவைக்கு மேல் உட்கார வைத்தார். ஸ்டூடியோவில் மின்விசிறியும் டீயும் இருந்ததால் மிக்கேலும் சலிக்காமல் வந்தான்.

ஒரு நாள் அவன் சொன்னான்: "அண்ணாச்சி, அட்டைக்கு எடுத்தது போக ஒரு தடவையாவது மூஞ்சிய எடுங்களேன். நானும் பாக்குறதுக்குச் சுமாராத்தான இருக்கேன்."

"ஏல, ஒன் மூஞ்சியப் பாக்க ஒம் பொண்டாட்டி இருக்கா. கைய நீட்டு."

மிக்கேல் சிரித்தான். அதை நான் எழுதிக்கொள்ளவில்லை. ஆள்காட்டி விரலில் திருக்கை மீன் முள் குத்திய வடு என்று எழுதினேன்.

அந்த வருடம் ஐப்பசி மழையில் ஒரு வெள்ளிக்கிழமை, அண்ணாச்சியின் கம்ப்யூட்டரில் இடம் தீர்ந்துவிட்டது. அதில் பாதிக்கு மேல் பழைய பாஸ்போர்ட் முகங்கள். எதைத் தூக்குவது என்று அவர் என்னைக் கேட்டார். "கை ஒவ்வொண்ணும் ஒரு தடவைதான் கிடைக்கும். மொகம் என்ன, திரும்ப வந்து உக்காந்தா எடுத்துக்கலாம்" என்று சொன்னது நான்தான். அவர் பொத்தானை அழுத்தினார். என் டைரியில் இருக்கிறது: முகங்கள் நீக்கம். மாலை நாலு மணி. லேசான தூறல்.

மாசியில் மிக்கேல் போன வள்ளம் காற்றில் கவிழ்ந்தது. கூடப் போன இரண்டு பேரை வேறு படகுக்காரர்கள் தூக்கிக் காப்பாற்றிவிட்டார்கள். மிக்கேலை மூன்று நாள் தேடினார்கள். கிடைக்கவில்லை.

வள்ளம் கவிழ்ந்த பத்தாம் நாள் அவன் மனைவி அமலி ஸ்டூடியோவுக்கு வந்தாள். இடுப்பில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை, ஜெனி. நானும் அப்போது அங்கே இருந்தேன்.

"அண்ணாச்சி, முப்பதாம் நாள் பூசைக்கு அவுக படம் வேணும். உடம்பு கிடைக்கலல்லா. படத்தத்தான் வைக்கணும்."

வீட்டில் ஒன்றும் இல்லையா என்று நான் கேட்டேன். கல்யாண ஆல்பம் வெள்ளம் புகுந்த வருடத்தில் நனைந்து, பக்கங்கள் ஒட்டிப் பலகையாகிவிட்டது. அவன் போன் அவனோடு போய்விட்டது. அவள் போனில் இருப்பதெல்லாம் பிள்ளையின் படங்கள், எல்லாம் அவன் எடுத்தவை. சிலவற்றின் மூலையில் அவன் விரல் விழுந்திருந்தது, அவ்வளவுதான். அரசாங்கம் அவனை மூன்று அட்டைகளுக்காக மூன்று தடவை படம் எடுத்திருந்தது. மூன்றிலும் மூன்று ஆள். ஒருவனும் மிக்கேல் இல்லை.

"மீனவர் அட்டைக்கு இங்க வந்துதான் எடுத்தாக. நல்லா இருந்துச்சு அது. அட்டையும் அவுகளோட போயிட்டு. அத ஒண்ணு போட்டுத் தாங்க."

அண்ணாச்சி எழுந்தார். அலமாரியைத் திறந்து, நாற்பது தடவையில் எடுத்ததில் சிறந்தது என்று அச்சடித்து வைத்திருந்த கைகளை எடுத்து அவள் முன்னால் வரிசையாகப் பரப்பினார். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒன்றை மட்டும் தொட்டாள்.

"இது அவுக கைதான். எனக்குத் தெரியாதா. எனக்கு மொகமும் தெரியும் அண்ணாச்சி. கண்ண மூடுனா நிக்கிது. பிள்ளைக்குல்லா வேணும்." குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "நாளைக்கு எங்கப்பா யாருன்னு கேப்பா. கையக் காட்டவா?"

அவள் போன பிறகு அண்ணாச்சி ஸ்டூலில் உட்கார்ந்தார். பாஸ்போர்ட்டுக்கு உட்காருகிற மாதிரியே, நேராக, காது தெரிய. "கேட்டான்ல காலண்டரு. அவனே கேட்டான்" என்றார். மிக்கேலுக்கு மீசை இருந்ததா என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். அவன் நகம் ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும். மீசை தெரியவில்லை.

மறுநாள் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு, அழிந்ததை மீட்டுத் தருகிற ஒருவரிடம் போனோம். அவர் இரண்டு நாள் போராடிவிட்டுக் கையை விரித்தார். "சும்மா அழிச்சிருந்தா எடுத்திரலாம் அண்ணாச்சி. நீங்க அதுக்கு மேல வேற படத்த ஏத்திட்டீய. மொகம் இருந்த எடத்துல பூராவும் கை உக்காந்திருக்கு."

அது யார் கை என்று அண்ணாச்சி கேட்கவில்லை. மழைக்குப் பிறகு எடுத்ததில் பெரும்பாலும் மிக்கேல் கைதான் என்று எனக்குத் தெரியும். பதிவு என்னிடம் இருக்கிறது.

பூசைக்குப் பதினேழு நாள் இருந்தது. பேண்டு வாத்தியக் கூட்டாளிகளின் போன்களைப் பார்த்தோம். எல்லாவற்றிலும் டிரம்பெட்டும் அதற்குப் பின்னால் உப்பிய இரண்டு கன்னங்களும். அப்போது அண்ணாச்சி ஒன்று கண்டுபிடித்தார். ஊதுகிறவன் மூச்சு டிரம்பெட்டுக்குள் தண்ணீராகச் சேரும். அவ்வப்போது அடியில் இருக்கிற சின்ன மூடியைத் திறந்து வடித்துவிட வேண்டும். அந்த மூடியில் மிக்கேலின் விரல் இருக்கிற படம்கூட அவரிடம் இருந்தது.

"டிரம்பெட்காரன் மொகம் எப்பம்ல வெளிய வரும்? தண்ணி வடிக்கும்போதுதான். அந்த நேரம் எவனாவது எடுத்திருப்பான். காலண்டரு, ஒன் டைரிய எடு. அவன் எந்தெந்தக் கல்யாணத்துல ஊதுனான்?"

எங்கள் தெரு வழியாகப் போன பேண்டு எல்லாம் என்னிடம் இருந்தது. மற்றதை அவன் கூட்டாளிகள் சொன்னார்கள். பட்டியலோடு வீடு வீடாகப் போனோம். இரண்டு கிழவர்கள் படியேறி வந்து, "ஒங்க கல்யாண ஆல்பத்தப் பாக்கணும்" என்று சொன்னால் யார்தான் வேண்டாம் என்பார்கள். ஒவ்வொரு வீட்டிலும் மூன்று தொகுதி. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தட்டு மக்ரூன். நாலாவது வீட்டில் என் பல்லே இனித்தது. அண்ணாச்சி உட்கார்ந்ததும் கேட்பார்: "மோதிரம் மாத்துறதும் தாலி கட்டுறதும் எனக்கு வேண்டாம். அது முடிஞ்சு ஒரு நிமிசம் கழிச்சு எடுத்தது இருக்கா?"

ஒரு வீட்டில், ஊர்வலப் படத்தின் மேல் விரிகிற ரோஜாவை ஒட்டியிருந்தார்கள். மிக்கேல் நிற்க வேண்டிய இடத்தில் இரண்டு இதழ். இன்னொரு வீட்டில், பேண்டுக்காரர்கள் பின்னணியில் நன்றாக இல்லையென்று அவர்களை மொத்தமாக அழித்துவிட்டுப் பனிமலையை வைத்திருந்தார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் வியர்த்து வழிகிறார்கள். பின்னால் சுவிட்சர்லாந்து. அண்ணாச்சி அந்தப் பனியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வேறொரு வீட்டில் கல்யாணமே முறிந்துபோயிருந்தது. எங்களுக்குத் தெரியாது. பெண்ணின் அம்மா கதவைச் சாத்தவில்லை. கிழித்த துண்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தார். எடுத்துவந்து தரையில் கொட்டி, எங்களோடு சேர்ந்து அவரும் தேடினார். அதிலும் மிக்கேல் இல்லை.

பூசைக்கு மூன்று நாள் முன்பு உடன்குடிக்குப் போனோம். கருப்பட்டி வியாபாரி ஒருவர் மகள் கல்யாணத்துக்கு, ஊரே திரும்பிப் பார்க்கட்டும் என்று தூத்துக்குடி பேண்டை வரவழைத்திருந்தார். கருப்பட்டிக் காபி வந்தது. ஆல்பம் வந்தது. இரண்டாவது தொகுதியில், பெண் காரிலிருந்து இறங்குகிற படம். பெண்ணுக்கு இடது பக்கம், காரின் கதவுக்கு மேலே, ஒரு மனிதன். டிரம்பெட்டைக் கீழே சாய்த்துத் தண்ணீர் வடித்துக்கொண்டிருக்கிறான். யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள். தலையைத் தூக்கிச் சிரிக்கிறான். முழு முகம். மீசை இருந்தது.

"இவன்தான" என்றார் அண்ணாச்சி. உறுதியாகத் தெரியாதவர் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"இவன்தான்" என்றேன்.

வியாபாரி கதையைக் கேட்டுவிட்டு, ஆல்பத்தை வாசல் வெளிச்சத்துக்குத் தானே தூக்கிவந்து பிடித்துக்கொண்டார். அண்ணாச்சி குனிந்து, மூச்சை அடக்கி, எடுத்தார். எடுத்ததைக் காட்டினார். டிரம்பெட் இருந்தது. மூடியைத் திறக்கிற விரல் அத்தனை துல்லியமாக இருந்தது. கழுத்தோடு படம் முடிந்திருந்தது.

"என்ன அண்ணாச்சி, தலை எங்கன?" என்றார் வியாபாரி.

யாரும் சிரிக்கவில்லை. இத்தனை வருடப் பழக்கம் அவர் கேமராவைத் தானாகவே கீழே இறக்கியிருந்தது. இரண்டாவது தடவையும் படம் கழுத்தோடு நின்றது. மூன்றாவது தடவை, நான் பின்னால் நின்று அவர் முழங்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "மேல, மேல, இன்னுங் கொஞ்சம் மேல" என்று, சுவரில் ஆணி அடிக்கிறவனுக்குச் சொல்வது போலச் சொன்னேன். முகம் விழுந்தது.

பூசைக்கு முந்தின நாள் மத்தியானம், படத்தைச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு திரேஸ்புரம் போனோம். காரையும் பெண்ணையும் அண்ணாச்சி நீக்கியிருந்தார். டிரம்பெட்டையும் நீக்கியிருந்தார். கைகள் இல்லை. அவர் வாழ்க்கையில் கைகளை வெட்டி எடுத்த ஒரே படம் அதுதான்.

அமலி வாங்கிப் பார்த்தாள். முதலில் முகத்தைச் சுளித்தாள். "பல்லு தெரியுது. அவுக இப்படிச் சிரிக்க மாட்டாக." அவள் படத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள். "இல்ல. சிரிப்பாக. ஊதி முடிச்சிட்டு டிரம்பெட்டக் கீழ இறக்குனா ஒரு சிரிப்பு வரும். இதான்."

பிறகு குழந்தையை மடியில் இருத்தி, படத்தை முன்னால் பிடித்தாள். "ஏளா ஜெனி, இங்க பாரு. அப்பா."

குழந்தை படத்தைப் பார்த்தது. அம்மாவைப் பார்த்தது. மறுபடி படத்தைப் பார்த்தது. கண்ணாடி மேல் விரலை வைத்து, மிக்கேலின் மூக்கை அழுத்தியது.

"ப்பா" என்றது.

அந்த வயதில் எதைக் காட்டி எதைச் சொன்னாலும் பிள்ளைகள் அதைத் திருப்பிச் சொல்லும். எனக்கு அது தெரியும். அண்ணாச்சிக்கும் தெரியும். அமலிக்கு நன்றாகவே தெரியும். அவள் இன்னொரு தடவை சொன்னாள். குழந்தையும் இன்னொரு தடவை சொன்னது.

அண்ணாச்சி எழுந்து வெளியே போனார். கொஞ்ச நேரம் கழித்து நானும் போனேன். கரையேற்றிப் போட்டிருந்த ஒரு வள்ளத்தின் பக்கவாட்டில் நெற்றியை முட்டுக் கொடுத்து நின்றிருந்தார். தோள் குலுங்கியது. வெயிலில் வலை காயவைத்துக்கொண்டிருந்தவர்கள் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சட்டைப் பையில துணி இருக்குல்லா அண்ணாச்சி. எடுத்துத் தொடைங்க" என்றேன்.

"அது லென்ஸ் தொடைக்கிற துணில. உப்புப் பட்டா வீணாப் போவும்."

என் வேட்டி முனையைத் தூக்கி நீட்டினேன். சலவைக்குப் போய்வந்து அன்றுதான் கட்டிய வேட்டி. அதில் கண்ணைத் துடைத்தார், முகத்தைத் துடைத்தார், சாவகாசமாக மூக்கையும் சிந்தினார். நான் மறு முனையையும் கொடுத்தேன்.